கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள மீரா,

புது இசைப் படைப்பு எழுதித் தர நீ செய்யப்போகும் ஒப்பந்தத்தைப் படித்தேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் மாதிரி இசை எழுதுவதும் வாசிப்பதுமாகவே வாழ வேண்டும் என்கிறாய். அவர் காசு விஷயத்தில் எப்படி இருந்தார் என்பதையும் பார்த்துக்கொள்.

நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் படித்து, பாரிஸில் நாடியா புலான்ஜேயிடம் பாடம் கேட்டு, 1967-இல் நியூயார்க் திரும்பியவருக்கு அவர் இசையை வாசிக்க ஆள் இல்லை. அடுத்த வருஷமே சொந்தக் குழு சேர்த்தார்: ஃபார்ஃபிசா மின் ஆர்கன், சாக்ஸபோன், புல்லாங்குழல், பாட்டு. ஆர்கனில் உட்கார்ந்தபடியே, அடுத்த பகுதிக்குத் தாவ வேண்டிய இடத்தைத் தலையசைத்துக் காட்டுவார். குழுவுக்கு எழுதியதைப் பல வருஷம் வெளியார் வாசிக்க விடவில்லை. கேட்க ஆசையா, அந்தக் குழுவைக் கூப்பிடு! பதிப்புரிமையையும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் காசு லேசில் வரவில்லை. 1976-இல் அவருடைய 'ஐன்ஸ்டீன் ஆன் த பீச்' என்ற இசை நாடகம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் நடந்தது, மிஞ்சியது கடன். திரும்பவும் டாக்ஸி ஓட்டினார். நெதர்லாந்து ஆப்பரா காந்தியைப் பற்றிய 'சத்தியாகிரகா'வை எழுதச் சொன்ன பிறகுதான், 41 வயதில், கூலி வேலையை விட்டார்.

உன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். முதல் அரங்கேற்றம் அவர்களுக்கே என்பது நியாயம்தான். ஆனால் அந்த உரிமை எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதவே இல்லை. தேதி போடச் சொல். எழுதும் கூலியும் வாசிப்பவர்களுக்கு இசைத்தாள் தயாரிக்கும் செலவும் ஒரே தொகையில் கிடக்கின்றன. பிரிக்காவிட்டால் அச்சுச் செலவு உன் தலையில்தான் விழும். படைப்பை, அது வாசிக்கப்படும்போது எழுதியவருக்குப் பணம் வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்தில் உன் பெயரில் நீயே பதிவு செய், எழுதியவர் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

இசைத்தாளில் சுரம் எழுதும் ஐந்து கோட்டின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். வலப்பக்கக் கடைசியில் வாசிக்காமல் நிற்கும் ஓய்வு இருக்கட்டும். வயலின்காரருக்குப் பக்கம் திருப்ப ஒரு கை வேண்டுமே! இது தவறினால் ஒத்திகையில் பாதி நேரம் பக்கத் தகராறிலேயே போய்விடும்.

கிளாஸின் 'கிளாஸ்வொர்க்ஸ்' தொகுப்பின் முதல் பியானோத் துண்டில் கை ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரே நேர அளவுக்குள் வலக்கையில் மூன்று சுரம், இடக்கையில் இரண்டு. வலக்கையை முதலில் வேகப்படுத்திவிட்டு இடக்கையை அதன் மேல் ஒட்டப் பார்த்தால், இரண்டாவது இடக்கை சுரம் பக்கத்து வலக்கை சுரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். 'தகிட தகிட' என்று வாயால் சொல். இடக்கை இரண்டு 'த'விலும் விழ வேண்டும். வலக்கை முதல் 'த', அடுத்து 'ட', அப்புறம் இரண்டாவது 'கி'. முதலில் மேசையில் தட்டு, பிறகு மெதுவாகக் கட்டையில். பெடலை ஸ்வரக்கூட்டம் மாறும்போதெல்லாம் எடுத்து வை; இல்லாவிட்டால் எல்லாம் கலங்கிவிடும். மணிக்கட்டு இறுகினால் நிறுத்திவிடு. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இசையில் இறுக்கம் தானாகத் தளராது, ஏறிக்கொண்டே போகும்.

திருத்திய ஒப்பந்தம் வந்ததும் எனக்கு அனுப்பு. அந்தத் தேதியை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா