வில்லங்கச் சான்றிதழ் போல ஒரு பேய்க்கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த திகில் நாவல்கள் பற்றிய கட்டுரை, ஆன் ரைஸ் எழுதி 1990இல் வெளியான ‘தி விட்சிங் அவர்’ நாவலை வெகுவாகப் புகழ்ந்திருந்தது. அதை நம்பி ஏறக்குறைய ஆயிரம் பக்கங்களையும் ஒரு மாதம் செலவிட்டுப் படித்தவன் என்ற முறையில் என் ஏமாற்றத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தொடக்கம் அருமை என்பதில் ஐயமில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பாழடைந்த மாளிகைத் தாழ்வாரத்தில், மருந்தூசியால் மனம் மரத்துப்போன டியர்ட்ரா மேஃபேர் ஆண்டுக்கணக்காக நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். கழுத்தில் மரகதப் பதக்கம். அவளருகே ஓர் ஆடவன் நிற்பது சிலர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அவன் யாரென்று தெரியாதவரை முதுகு சில்லிடுகிறது.

தெரிந்துகொள்ள வைப்பதில்தான் நாவல் சறுக்குகிறது. மேஃபேர் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வேவு பார்த்துவரும் தலமாஸ்கா என்னும் அமைப்பின் கோப்பு நடுவில் விரிகிறது. 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஆடவன் உருவில் தெரியும் அந்த ஆவியை முதன்முதலில் அழைத்து, சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட சுசான் தொடங்கி, பதின்மூன்றாவது வாரிசான ரோவன் வரை, யார் யாருக்குப் பிறந்தார், சொத்து யார் கைக்குப் போயிற்று என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீள்கின்றன. மனை வாங்கப் போகிறவன்கூட வில்லங்கச் சான்றிதழை இவ்வளவு பொறுமையாகப் படிக்க மாட்டான். வீட்டு விருந்தில் அந்த வாரிசுகளில் ஒருத்தியான ஸ்டெல்லா உடன்பிறந்தவனாலேயே சுட்டுக் கொல்லப்படுவது தனிக்கதையாக நின்றிருக்க வேண்டிய இடம். கோப்பின் நடையில் அதுவும் ஒரு பதிவாகிப் போகிறது. அந்த ஆவியின் பெயர், பழக்கம், ஆசை எல்லாம் அத்துப்படியான பிறகு அதனிடம் எதற்குப் பயப்படுவது?

கோப்பு முடிந்ததும் அச்சம் திரும்பும் என்று காத்திருந்தால், ரோவனை மணக்கப்போகும் மைக்கேல் மாளிகையைச் செப்பனிடும் வேலையும் திருமண ஏற்பாடுகளும் வந்துவிடுகின்றன. நூலாசிரியர் தாம் வாங்கிக் குடியிருந்த வீட்டையே கதைக்களமாக்கியவர் என்பதால், தூண்கள் மீதும் இரும்பு வேலி மீதும் அவருக்கிருந்த ஆசை புரிகிறது. வாசகன் அங்கே குடிபுகப் போவதில்லையே!

இத்தனைக்கும் பிறகு, கிறிஸ்துமஸ் வேளையில் ஆவி உடலெடுத்து, ரோவனும் அதனுடன் போய்விட, கதை அந்தரத்தில் நிற்கிறது. மிச்சத்தை அறிய 1993, 1994ஆம் ஆண்டுகளில் வந்த அடுத்த இரு நாவல்களையும் படித்தாக வேண்டும்.

இனி வரும் பரிந்துரைகளில் பக்க எண்ணிக்கையையும், கதை அந்த நூலிலேயே முடிகிறதா என்பதையும் குறிப்பிட்டால் என் போன்றோர் தீர யோசித்து வாங்குவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.