லிப்டன் கொடுத்த கிண்ணம்

ஹப்புத்தளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன கிழமை நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இந்தப் பிஷப் ஓக்லண்டில் எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை அப்பா, லெஸ்டர் பக்கம் மாற்றம் கேட்கப் போகிறேன்" என்றாய். கேட்பதென்றால் கேள், மகள். உன் வேலை, உன் வாழ்க்கை, அப்பா குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்துக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் நீ புறப்படக் கூடாது. நீ இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், வெஸ்ட் ஓக்லண்ட் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. பிரிமியர் லீக்கிலிருந்து படிப்படியாக எண்ணிக்கொண்டே இறங்கினால் ஒன்பதாவது படியில் நோர்தன் லீக் வரும். 1889இல் தொடங்கிய பழைய லீக் அது. அதில் ஆடும் கழகம். அவர்களுடைய பெருமைக்குரிய கிண்ணத்தில் இருப்பது தேயிலை வியாபாரி சேர் தோமஸ் லிப்டனின் பெயர். நம் மேட்டில் உல்லாசப் பயணிகள் தேடி வந்து படம் எடுக்கிறார்களே, லிப்டன் சீட், அதே லிப்டன்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலிருந்தே லிப்டனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வந்தவன். அப்படித்தான் இந்தக் கதையும் அகப்பட்டது. பிஷப் ஓக்லண்ட் இருக்கும் டர்ஹம் பக்கம் நீ வேலைக்குப் போகிறாய் என்றதும் முதலில் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். அன்றைக்கு விசா, டிக்கெட் என்று ஓடித் திரிந்ததில் சொல்ல வாய்க்கவில்லை.

1909ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரத்தில் லிப்டன் பெயரில் ஒரு போட்டி வைத்தார்கள். இத்தாலி, ஜேர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, நாட்டுக்கு ஓர் அணி. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் அணி அனுப்ப முடியாது என்று கைவிரித்துவிட்டது. கடைசியில் இங்கிலாந்துக்காகப் போய் நின்றது யார் தெரியுமா? வெஸ்ட் ஓக்லண்ட். பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பொடியன்கள். சொந்த லீக்கிலேயே அந்த நேரம் தடுமாறிக்கொண்டிருந்த அணி. அவர்களுக்கு ஏன் அழைப்பு வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. வூல்விச் ஆர்சனல் அணிக்குப் போக வேண்டிய அழைப்பு, இரண்டு பெயருக்கும் ஆங்கில முதலெழுத்து W.A. என்று ஒன்றாக இருந்ததால் இடம் மாறி வந்துவிட்டதாம். சொல்லச் சுவையாக இருக்கிறது, ஆனால் எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. எனக்கு அந்தக் கதை பிடிக்கவும் இல்லை. தொழிலாளி ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது தவறுதலாகத்தான் இருக்க வேண்டும் என்கிற மாதிரி இருக்கிறது.

சுரங்கத்தில் இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. அதிலே ரயிலும் கப்பலுமாக ஐரோப்பாவைக் கடந்து போய்வரும் செலவு வேறு. வீட்டுச் சாமான்களை அடகு வைத்துப் போனவர்களும் உண்டு என்று அங்கே இன்றும் சொல்வார்கள். போய், முதலில் ஸ்டுட்கார்ட் அணியை 2-0 என்று வென்றார்கள். ஏப்ரல் 12, ஈஸ்டர் திங்கள், இறுதி ஆட்டத்தில் சுவிஸ் அணியான வின்டர்தூரையும் 2-0 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

1911இல் வென்றவர்கள் என்ற முறையில் மறுபடியும் போனார்கள். சூரிச் அணியை வென்றார்கள். இறுதியில் எதிரே நின்றது ஜுவென்டஸ். ஆம், நீ கேள்விப்பட்ட அதே ஜுவென்டஸ்தான். அதுவும் ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் 17. வெஸ்ட் ஓக்லண்ட் 6, ஜுவென்டஸ் 1. இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது.

முதல் பயணத்தில் ஜாக் கிரீன்வெல் என்று ஒருவர் சேர்ந்து ஆடினார். பக்கத்து ஊரான குரூக் அணியின் ஆட்டக்காரர், இரவலாக வந்தவர். அவர் பிறகு பார்சிலோனாவுக்குப் போய் ஆடி, 1917இல் அந்த அணிக்கே பயிற்றுவிப்பாளராகி, பல வருசம் அங்கே இருந்தார். 1939இல் பெரு நாட்டு அணியைத் தென்னமெரிக்கக் கிண்ணம் வெல்ல வைத்ததும் அவர்தான். நீ சலித்துக்கொள்ளும் அந்த நிலக்கரிக் காட்டிலிருந்து புறப்பட்ட ஒரு மனிதர்! இதை வாசித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதைத்தான் முதலாவது உலகக் கிண்ணம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். அதே டூரினில் 1908இலேயே பல நாட்டு அணிகள் கலந்த ஒரு போட்டி நடந்திருக்கிறது. லிப்டன் போட்டியிலோ ஐரோப்பாவின் நாலே நாடுகள். நாட்டு அணிகள் கூடி ஆடிய உலகக் கிண்ணம் 1930இல்தான் வந்தது. ஆனால் அந்தப் பெயரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவர்கள் செய்தது குறைந்துவிடாது. கிராமத்துப் புல்வெளியில் அவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அது முறைதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். லிப்டன் கிளாஸ்கோவில் 1871இல் பலசரக்குக் கடை போட்டவர். பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டை விற்றுத்தான் முதலில் காசு பார்த்தார், ஆகவே அவர் சொத்து முழுவதும் தேயிலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கி, அந்த வருசமே ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையையும் கட்டியபிறகு, உலகம் அவரை அறிந்தது தேயிலையால்தான். தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்று விளம்பரம் செய்து, இடைத்தரகர் இல்லாமல் மலிவாக விற்றார். யாருக்கு? இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருந்த சுரங்க, ஆலைத் தொழிலாளிகளுக்கும்தான். விடிய ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய நம் ஆட்கள் பறித்த கொழுந்து, சுரங்கத்திலிருந்து மேலே வந்தவனின் கோப்பைக்குப் போனது. அந்தக் காசில் ஒரு பங்கு வெள்ளிக் கிண்ணமாகி அவனிடமே பரிசாகப் போயிருக்கிறது.

உன் பூட்டன் சிறுவனாகத் தாய் தகப்பனோடு, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிக்குப் பின்னால் தூத்துக்குடியில் கப்பலேறி வந்தவர். அவர்கள் இங்கே காலடி வைக்கும்போதே பயணச் செலவு கடனாக ஏறியிருந்தது. அந்தக் கடனை எழுதிய துண்டை வைத்துத்தான் ஆளை நிறுத்தி வைத்தார்கள். இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமா, அந்தத் தோட்டத்துக்காரர் துண்டுக் கடனைக் கட்டி வாங்க வேண்டும். 1921 வரைக்கும் அந்த முறை இருந்தது. உன் டர்ஹம் ஆட்கள் மட்டும் சுதந்திரமாகவா இருந்தார்கள்? அவர்களுக்கும் வருசப் பத்திரம் என்று ஒன்று இருந்தது. கைநாட்டு வைத்துவிட்டால் வருசம் முடியும்வரை அந்தச் சுரங்கத்தை விட்டு அசைய முடியாது, மீறினால் சிறை. அது ஒழிந்தது 1872இல். வீடும் கம்பெனி கொடுத்த வரிசை வீடு. அதாவது லயம், மகள். படம் எடுத்துப் பார், உனக்கே தெரியும். நாடு வேறு, நிறம் வேறு, அவர்கள் அரசின் குடிமக்கள், நமக்கு 1948க்குப் பிறகு நெடுங்காலம் அதுகூட இருக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஊர்க் கிழவர்களோடு உட்கார்ந்து பேச நமக்கு விசயம் இருக்கிறது என்பேன்.

லிப்டனுக்குப் பாய்க்கப்பல் பந்தயத்தில் பைத்தியம். அமெரிக்கா கிண்ணத்துக்காக 1899இலிருந்து 1930வரை ஐந்து முறை கப்பல் கட்டி விட்டுப் பார்த்தார், ஐந்து முறையும் தோற்றார். வேண்டிய கிண்ணம் அவருக்குக் கிடைக்கவே இல்லை, அடுத்த வருசமே காலமாகிவிட்டார். அவர் கொடுத்த கிண்ணத்தை வென்றவர்கள் நிலையும் நல்லதாக முடியவில்லை. இரண்டாவது டூரின் பயணம் கழகத்தைக் கடனில் தள்ளிவிட்டது. கூடும் இடமாக இருந்த வீட்ஷீஃப் விடுதியின் உரிமையாளர் அம்மாவிடம் கிண்ணத்தை ஈடு வைத்து 40 பவுண் வாங்கினார்கள். அந்தக் கடனோடு கழகமே கலைந்தது. பிறகு வெஸ்ட் ஓக்லண்ட் டவுன் என்ற பெயரில் திரும்ப எழுந்து நின்றார்கள். கிண்ணம் மட்டும் வரவில்லை. 1960இல் காசு சேர்த்து 100 பவுண் கொடுத்து மீட்டார்கள். ஜுவென்டஸுக்கு எதிராக ஆறு கோல் அடித்தவர்களின் கிண்ணம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அடகில் கிடந்திருக்கிறது. நம் வீட்டில் அம்மாவின் தாலிக்கொடி வங்கிக்குப் போய் வந்த கதை உனக்குத் தெரியும், அதனால் இதை உனக்கு விளக்கத் தேவையில்லை.

மீட்ட கையோடு நல்ல காலமும் வந்தது. 1960, 1961 இரண்டு வருசமும் நோர்தன் லீக்கை வென்றார்கள். 1961இல் அமெச்சூர் கிண்ண இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளிவரை போய், வோல்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் 2-1 என்று தோற்றார்கள். பிறகு நெடுங்காலம் அமைதி. 1994 ஜனவரியில் தொழிலாளர் மன்றத்தில் வைத்திருந்த கிண்ணத்தை யாரோ திருடிவிட்டான். இன்றுவரை அகப்படவில்லை. இப்போது வைத்திருப்பது அதேபோல் செய்வித்த பிரதி. 2012இலும் 2014இலும் சின்னக் கழகங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள், மறுபடியும் வெம்ப்ளி, மறுபடியும் தோல்வி. அதற்காகக் கழகத்தை மூடிவிடவில்லை. சுரங்கம் எல்லாம் மூடியாகிவிட்டது, கழகம் இருக்கிறது. டார்லிங்டன் வீதியில் மைதானம்.

அப்பா தோட்டத்து அணியில் கோல் காத்தவன் என்பது உனக்குத் தெரியும். நம் மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைத் தூருக்குள் உருண்டு கீழ் மலைக்குப் போய்விடும், பொடியன்கள் ஓடிப்போய் அரும்பு முறியாமல் தேடி எடுத்து வரும்வரை இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து நிற்போம். டிக்கெட் கிழிப்பவர், கோடு போடுபவர், தேத்தண்ணி ஊற்றுபவர் எல்லோரும் ஊர் ஆட்களாக, சம்பளம் வாங்காமல் நடத்துகிற ஆட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த லீக்கில் உள்ள கழகங்களும் அப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. அங்கே புதிதாக ஒரு முகம் வந்தால் யாரும் கவனிக்காமல் விட மாட்டார்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இந்தக் கதையை அங்கே சொல்லும்போதெல்லாம் சுரங்கத் தொழிலாளிகள், டூரின், லிப்டன் பெருமகன் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். லிப்டனுக்குப் பின்னால் தம்பேதென்னை மலையில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரியும் நான் வாசித்ததில்லை. தெரிந்து மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், சொல்ல ஆள் அங்கே போகவில்லை. நீ போயிருக்கிறாய். டியூட்டி இல்லாத ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆட்டத்துக்குப் போ. தேநீர் விற்கும் இடத்தில் வயதானவர்கள் நிற்பார்கள். கிண்ணத்தைப் பற்றிக் கேள், சொல்லட்டும், பொறுமையாகக் கேட்டுக்கொள். பிறகு உன் பூட்டன் எந்தத் தோட்டத்தில், யாருக்குக் கீழே பேர் பதிந்தவர் என்று நீ சொல்.

சித்தப்பா மகன் அடுத்த மாதம் மன்செஸ்டர் வருகிறான். ஸ்டோரிலிருந்து இரண்டு கிலோ பி.ஓ.பி. தேயிலைத் தூள் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அந்தக் கழகத்துக்கு. சாயம் ஏறும், தூளைக் குறைத்துப் போடச் சொல். மைதானத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டிவரும், கம்பளிச் சட்டைக்கு மேலே மழைச் சட்டையும் போட்டுக்கொண்டு போகச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். லெஸ்டர் விசயம் என்ன ஆயிற்று என்றும் எழுது.

அன்புடன்,
அப்பா