சீலோவாம் கோபுரமும் மண்டலேயின் இடிபாடுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியன்மாரின் மண்டலே, சகாயிங் பகுதிகளைச் சிதைத்த நிலநடுக்கம் பற்றித் தங்கள் இதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இந்நாட்டில் பாவம் பெருகிவிட்டதற்காக இறைவன் அனுப்பிய தண்டனையே அது என்றும், மாண்டவர்கள் தத்தம் வினையின் பயனை அனுபவித்தார்கள் என்றும் அவர் கருதுகிறார். அவரும் என்னைப் போலக் கத்தோலிக்கர். இதே பேச்சைக் கோயில் முற்றத்திலும், சில வேளைகளில் துக்க வீட்டிலேயேகூட, நம்மவர் வாயிலிருந்து கேட்க நேர்கிறது. ஆகவே ரங்கூனில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கன் என்ற முறையில் என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை பகல் 12.50 மணியளவில், 7.7 என்ற அளவில் நிலம் அதிர்ந்தது. நமக்கு அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்து வெள்ளி. முஸ்லிம்களுக்கோ ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளி. அதனால் பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகைக்காகத் திரண்டிருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் இடிபாடுகளில் சிக்கி இறந்தனர். மண்டலேயின் ஊ லா தெய்ன் மடாலயத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்த பொங்கிகள் எனப்படும் புத்த துறவிகள் மீது கட்டடம் சரிந்து விழுந்தது. நாடெங்கும் இறந்தவர்கள் 3,600 பேருக்கும் அதிகம். தொழுகைக்கு வந்தவர், மறைநூல் தேர்வுக்கு அமர்ந்தவர், சோறு ஆக்கிக்கொண்டிருந்தவர், கடையில் நின்ற சிறுவன் என்று எல்லாரையும் ஒரே நொடியில் கொண்டுபோன அந்த அதிர்ச்சியில், பாவியை மட்டும் பொறுக்கியெடுக்கும் நீதி எங்கே தெரிகிறது என்று அன்பர்தாம் விளக்க வேண்டும்.

காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. சகாயிங் பிளவு எனப்படும் நிலப்பிளவு இந்நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. 1930 மே மாதத்தில் பெகு நகரைத் தரைமட்டமாக்கி ஏறத்தாழ 500 பேரைக் கொன்ற நிலநடுக்கமும் இதே பிளவில் எழுந்ததுதான். இம்முறை இடிந்தவற்றுள் இரும்புக் கம்பி சேர்க்காத பழைய செங்கல் கட்டடங்கள் மிகுதி. நூறாண்டு கடந்த பள்ளிவாசல்கள் சிலவற்றைப் பழுதுபார்க்க நெடுங்காலமாக அனுமதியே கிடைக்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி. மனிதர் செய்யாமல் விட்டதை இறைவன் செய்த தீர்ப்பாகப் பேசுவது, பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதியான வழி.

இனி, நம் விசுவாசம் இது பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நிலநடுக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 23ஆம் தேதி, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்குரிய நற்செய்தி லூக்கா 13ஆம் அதிகாரத்தின் தொடக்கம். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரை உரோமை ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவரோ, சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததையும் சேர்த்துக்கொண்டு, இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா எனக் கேட்டு, அப்படியல்ல என்று தாமே விடையும் கூறுகிறார். வழிபாட்டில் இருந்தபோது கொல்லப்பட்டவர்கள், கட்டடம் விழுந்து இறந்தவர்கள் என்ற அந்த இரண்டு செய்திகளையும் ஞாயிறன்று கேட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்குப் பிறகு நாம் எப்படி நேர்மாறாகப் பேசத் துணிந்தோம் என்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

அதே இடத்தில், மனம் மாறாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறதே என்று அன்பர் கேட்கலாம், கேட்பது நியாயம். ஆனால் அந்தச் சொல் யாரை நோக்கியது? பிறர் சாவைச் செய்தியாகக் கொண்டுவந்து நின்றவர்களை நோக்கியது. இறந்தவர்களைப் பற்றிய கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. உயிரோடிருப்பவர்கள்தாம் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள். அடுத்து வரும் உவமையில் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று கெஞ்சுகிறார் தோட்டத் தொழிலாளர். இந்த உவமையையும் சேர்த்துப் படித்தால், அந்த எச்சரிக்கையை இடிபாட்டில் கிடந்தவர்கள் மீது எறிய யாருக்கும் கை வராது.

இந்த மண்ணிலேயே இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. தொழுநோயை முற்பிறவிப் பாவத்தின் அடையாளம் என்று ஊர் ஒதுக்கிவைத்த காலத்தில், 1890களில், வெகிங்கர் என்ற ஆஸ்திரியக் குரு மண்டலேயில் புனித யோவான் பெயரால் தொழுநோயாளருக்கு இல்லம் அமைத்தார். மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபணியாளர் சபைக் கன்னியர் அங்கே புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றாரே இயேசு, அந்த விடையை நம்பியவர்களால்தான் அது முடிந்திருக்கும். துன்பத்தின் கிறிஸ்தவப் பொருள் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னை திருநாளில், வெளியிட்ட திருத்தூது மடலும், யோபு பட்ட பாடு மாசற்றவன் பட்ட பாடு என்பதை வலியுறுத்திவிட்டு, நல்ல சமாரியரிடம் வந்து நிற்கிறது.

இயேசு சிலுவை சுமந்து சென்றதை நிலை நிலையாகத் தியானித்து, தவக்கால வெள்ளிதோறும் நாம் செய்யும் சிலுவைப் பாதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ என்று நிலைக்கு நிலை முழந்தாளிட்டு வேண்டும் நாம், அந்தப் பாதையில் இயேசுவைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் என்ன நினைத்தது என்பதை மறந்துவிடுகிறோம். பெரிய வெள்ளியன்று வாசிக்கப்படும் இறைவாக்கினர் எசாயாவின் பகுதி அதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: அவர் கடவுளால் தண்டிக்கப்பட்டார் என்றே நாம் எண்ணினோம். ஆக, துன்புறுகிறவனைக் கண்டதும் கடவுளின் தண்டனை என்று முடிவு கட்டுவது, கல்வாரிக்குப் போகும் வழியில் நின்ற கூட்டத்தின் கருத்து. அதே கருத்தைப் பக்தி என்ற பெயரில் நாம் திரும்பச் சொல்லலாமா?

அந்தப் பாதையில் இயேசுவின் முகத்தைத் துடைத்ததாகச் சொல்லப்படும் வெரோணிக்காவின் பெயர் நற்செய்திகளில் இல்லை. மரபு தந்த பெயர் அது. சீரேன் ஊர்ச் சீமோன் இருக்கிறார். அவரும் விரும்பி வந்தவரல்லர். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்கவைத்தார்கள். இந்த ஐந்தாம் நிலை எனக்கு எப்போதும் ஆறுதல் தருவது. பிறர் வலியை உணரும் நெஞ்சு முதலிலேயே அமைந்திருக்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தோள் கொடுத்தாக வேண்டியிருந்தது, கொடுத்தார். இரக்கம் அதற்குப் பிறகு வந்திருக்கலாம். நிலநடுக்கத்தின்போது யார் எவர் என்று கேளாமல் வெறுங்கையால் செங்கல்லைப் புரட்டியவர்களில் புத்த சமயத்தவர், முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும் இருந்தார்கள். அந்த நேரத்தில் வினைக்கணக்கு பார்க்க எவருக்கும் ஓய்வில்லை.

நம் இனத்துக்கு இது புதிதுமன்று. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்ததும், அடுத்த ஆண்டில் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையிலேயே மடிந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. அவர்களைப் பாவிகள் என்று யாராவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

அன்பரின் பக்தியை நான் ஐயுறவில்லை. தப்பிப் பிழைத்தவர்களுக்கு அத்தகைய விளக்கம் ஒருவித அமைதி தரும் என்பதும் தெரியும். தப்பியதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது அல்லவா? ஆனால் பிள்ளையை மண்ணில் புதைத்த தாய் ஒருத்தி தங்கள் இதழில் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கக்கூடும் என்பதை அவரும் தாங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. மண்டலேயிலும் சகாயிங்கிலும் வீடிழந்த தமிழர்கள் தங்களுக்கு இன்னும் என்ன தேவை என்பதைத் தாங்களே எழுத, வாசகர் பகுதியில் இடம் ஒதுக்குங்கள். அடுத்து, வரும் தவக்காலத்தில் ஒறுத்தலால் மிச்சமாகும் காணிக்கையில் ஒரு பகுதியை, நம் சபையைச் சேராத குடும்பங்களுக்கும், குறிப்பாகத் தொழுகை நேரத்தில் உறவினரை இழந்த முஸ்லிம் வீடுகளுக்கும் ஒதுக்குமாறு தமிழ்ப் பங்குக் கோயில்களின் பேரவைகளைக் கேட்டுக்கொள்ளும் இந்தக் கடிதத்தை, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முன்பாகவே வெளியிட்டு உதவுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ரங்கூன்