குடத்தை நன்றாகக் குலுக்குங்கள்

மதுரை வட்டாரத் தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். பிள்ளையின் அதிர்ஷ்டத்தை ஜாதகக் கட்டத்தில் தேடுவார்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்காகக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடங்களைப் பொறுத்தவரை, அது உங்கள் அலுவலகத்தில் வெட்டுகிற துண்டுச் சீட்டில் இருக்கிறது. எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் 10 இடம் இதற்கு. குலுக்கலுக்கு 37 விண்ணப்பம் நின்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 37-இல் 10 வாய்ப்பு. சீட்டைச் சரியாகக் கலக்காவிட்டால் இந்தக் கணக்கே பொய்.

1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், ராணுவத்துக்கு ஆளெடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கினார்கள். தேதிக்கு ஒன்றாக 366 குப்பிகள். மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, அரைகுறையாகக் கலக்கி, கண்ணாடி ஜாடியில் கொட்டினார்கள். ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்கள் அதிகமாக முன்வரிசையில் மாட்டினார்கள். சூது இல்லை, கை சோம்பியது, அவ்வளவுதான். மறு ஆண்டு தேதிக்கு ஓர் உருளை, அழைக்கும் வரிசை எண்ணுக்கு ஓர் உருளை என்று மாற்றினார்கள்.

விண்ணப்ப வரிசையிலேயே சீட்டைப் போட்டால் உங்களிடமும் இதுதான் நடக்கும். கடைசியாகப் போட்டது மேலே கிடக்கும். எடுக்கிற கையும் மேலேதான் துழாவும்.

ஒரே தாளில் ஒரே அளவாக வெட்டுங்கள். பெயர் வேண்டாம், விண்ணப்ப எண் போதும். எல்லாவற்றையும் இரண்டே மடிப்பாக மடியுங்கள். ஸ்டேப்ளர் பின் கூடாது, விரலுக்குத் தட்டுப்படும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் (மே மாத வெயிலில் கஷ்டம்தான்). பெற்றோர் இருவர் உரக்க எண்ணி 37 என்று சொன்னபின் போடுங்கள். வாய் குறுகிய குடத்தைவிட மூடியுள்ள கண்ணாடி டப்பா நல்லது. பாதிக்குமேல் நிரப்பாமல், பத்து முறையாவது கவிழ்த்துப் புரட்டுங்கள். இரண்டு சீட்டு ஒட்டி வந்தால் இரண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் ஓலை எடுக்க விவரமறியாச் சிறுவனைச் சொல்கிறது. வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளிக்க முடியாதல்லவா!

பத்தோடு நிறுத்தாதீர்கள். மிச்சம் 27 சீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுங்கள். காத்திருப்போர் வரிசையும் கிடைக்கும். ஓர் எண் இருமுறை இருந்ததா, ஓர் எண் விழவே இல்லையா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலான சண்டை இந்த இடத்தில்தான் கிளம்புகிறது.

இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு சீட்டா, இரண்டா என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் குலுக்கல் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் வைகைக் கரைச் செல்லூர்க்காரர்கள் வந்துசேர முடியாது. முடிந்ததும் சீட்டுகளைக் குப்பையில் கொட்டாமல் உறையிலிட்டு ஒட்டி, எண்ணிய பெற்றோர் இருவரிடமும் ஒட்டின் மேலேயே கையெழுத்து வாங்குங்கள்.