அந்த டாக்டர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்பத்திரியில் ஒரு தவறு நடந்தால் மறுநாளே 'டாக்டர் அலட்சியம்' என்று தலைப்பு வந்துவிடுகிறது, உங்கள் பத்திரிகையிலும்தான். அலட்சியமான டாக்டர்களே கிடையாது என்று சொல்ல வரவில்லை, நானே சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் எத்தனை மணி நேரமாக டியூட்டியில் இருந்தார் என்று அந்தச் செய்திகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

2021 மே மாதம் நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் பி.ஜி. (மேற்படிப்பு) படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குக் கொரோனா தொற்று என்று நீங்கள் எழுதிய சமயம். உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்புக் கிட்டை மாட்டிக்கொண்டு வார்டுக்குள்ளே போனால் ஆறு மணி நேரம் தண்ணீரும் கிடையாது, பாத்ரூமும் கிடையாது; கண்ணாடியில் ஆவி படிந்து, மானிட்டரில் இருக்கும் ஆக்சிஜன் அளவு 88-ஆ 98-ஆ என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கிட்டைக் கழற்றியதும் ஓய்வு என்று டியூட்டி சார்ட்டில் இருக்கும், ஆனால் வெளியே மற்ற வார்டுகளும், வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய போன்களும் காத்திருக்கும். மூன்றாவது சாவுச் செய்திக்கு அப்புறம் குரல் தானாகவே பேச ஆரம்பித்துவிடும், நாம் எங்கேயோ இருப்போம்.

அப்படி ஒரு விடியற்காலை, நாலரை மணி இருக்கும். ஸ்டீராய்டு போடுவதால் வார்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை எகிறி, இன்சுலின் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரியவருக்கு 4 யூனிட் எழுதினேன். யூனிட்டுக்கு நான் போட்ட ஆங்கில 'யு' பூஜ்யம் மாதிரி விழுந்திருக்கிறது. சிஸ்டர் வந்து, "சார், இவர் ராத்திரி ரெண்டு இட்லிகூடச் சாப்பிடலையே, நாற்பதா போடணும்?" என்றார். "எழுதியிருக்கேன்ல, போடுங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் நகரவில்லை. கேஸ் ஷீட்டை என் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் பத்து நாளில் என்னைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த சிஸ்டர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இன்னொன்றும் உண்டு: அவர் இரவு எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்தவர், நான் முந்தின நாள் காலை எட்டு மணிக்கு வந்தவன்.

24 மணி நேரம் தூங்காதவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல ஆகிவிடும் என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. நம்மூரில் 0.03 தாண்டினாலே போலீஸ் வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும். 24 மணி நேரத்தையும் தாண்டும் டியூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், நேரத்தைக் குறைத்தபோது இருந்ததைவிட ஏறக்குறைய 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள் என்று 2004-ல் அமெரிக்காவில் கணக்கெடுத்தே காட்டினார்கள்.

ஆள் இல்லையே, என்ன செய்வது என்பார்கள். சரி, ஏன் இல்லை? 2021 ஏப்ரலில் நடக்க வேண்டிய பி.ஜி. நீட் தேர்வைத் தள்ளிவைத்து, செப்டம்பரில் நடத்தி, கவுன்சலிங் கோர்ட்டில் சிக்கி 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அதுவரை முதலாம் ஆண்டு என்று ஒரு செட்டே வரவில்லை, அவர்கள் வேலையையும் இருந்தவர்களே சுமந்தோம். நடுவில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஜூமில் வகுப்பு எடுத்தார்கள், பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினோம். அந்த வகுப்பால் கிடைத்த நன்மை அதுதான்.

ரெசிடென்ட் டாக்டருக்கு, அதாவது எங்களைப் போல மேற்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்ப்பவருக்கு, தொடர்ந்து அதிகபட்சம் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லியிருக்கிறது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு, வாரத்துக்கு 74-க்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. முப்பது வருஷத்தில் எண் கூடியிருப்பதைக் கவனித்தீர்களா? கொரோனா ஓய்ந்த பிறகும் என் ஜூனியர்கள் 36 மணி நேர டியூட்டிதான் பார்க்கிறார்கள்.

தவறு செய்த டாக்டரை விசாரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரணைக் கோப்பில் கேஸ் ஷீட்டோடு அந்த வாரத்து டியூட்டி சார்ட்டையும் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் உங்கள் நிருபரை டீனிடம் அந்தச் சார்ட்டைக் கேட்கச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். கேட்டோம், தரவில்லை என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசு மருத்துவர்
(பெயரைப் போட வேண்டாம்)