எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு: கொறங்காட்டில் ஓர் இரவு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் காங்கயத்துக்கு அருகே ஒரு கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், ஓர் இரவு தங்க வைக்க இருக்கிறோம். நம் பள்ளியில் படித்த விவசாயி ஒருவரின் சொந்த நிலம் அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்வது இப்படிப்பட்ட நிலத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளில் பலர் உள்ளே கால் வைத்ததே இல்லை.

கூடாரத்தை ஆசிரியர்கள் போட்டுத் தரமாட்டார்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தார்ப்பாயும் கயிறும் கொடுப்போம், இடம் பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை தொங்குகிறதா, மழை வந்தால் தண்ணீர் தேங்கும் பள்ளமா, பக்கத்தில் புற்று இருக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்த பிறகே முளை அடிக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, தார்ப்பாயை அதன்மேல் போட்டு, நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டுவார்கள். முளையின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் கயிறு நழுவாது. பச்சைக் கிளை ஒன்றைக்கூட ஒடிக்கக் கூடாது. வேலமுள் செருப்பையே துளைக்கும் என்பதால், தரையை நன்றாகக் கூட்டிய பிறகுதான் பாய் விரிப்பார்கள்.

இரவுச் சாப்பாடு அரிசியும் பருப்பும் சாதம். தை மாதத்தில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். எனவே மண் தெரியும்வரை புல்லைச் செதுக்கிய இடத்தில் மட்டும் ஒரே ஒரு கல்லடுப்பு. பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் ஆறிவிட்டதா என்று ஆசிரியர் தொட்டுப் பார்ப்பார்.

பாம்பைப் பற்றிக் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது என்பதுதான் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும், வலையின் ஓரம் முழுவதும் பாய்க்கு அடியில் செருகியிருக்க வேண்டும். ஆசிரியர்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள். பள்ளி வேன் இரவு முழுவதும் அங்கேயே நிற்கும். தப்பித் தவறிக் கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கிடையாது. நேராகக் காங்கயம் அரசு மருத்துவமனைக்குத்தான் செல்வோம்.

கழிப்பறைக்குத் தோட்டத்து வீட்டைப் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளர் இசைந்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆடு வெளியேறாதபடி வேலிப் படலை ஒவ்வொரு முறையும் சாத்த வேண்டும்.

பாய், போர்வை, டார்ச், மூடிய காலணி, தட்டு, டம்ளர் போதும். பனி இறங்கும், ஸ்வெட்டர் கொடுத்தனுப்புங்கள். கைப்பேசியும் தின்பண்டப் பொட்டலங்களும் வேண்டாம். வீசிங், ஒவ்வாமை போன்றவை இருந்தால் ஒப்புதல் படிவத்தில் மறைக்காமல் எழுதி, கையெழுத்திட்டு, பொங்கல் விடுமுறைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்