அம்மாவுக்கு மஞ்ச கயிறு கட்டிவிட்ட பூக்காரம்மாவுக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

நேத்து சாயங்காலம் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. ஆள் சிக்கிட்டான், செயினும் கெடச்சிருக்கு, அம்மாவை கூட்டிட்டு வந்து அடையாளம் காட்டுங்கன்னு சொன்னாங்க. போனை வெச்ச அப்புறமும் ரொம்ப நேரம் எனக்கு கை நடுக்கம் நிக்கல, தூக்கமும் வரல, அதான் ராத்திரியே எழுத உக்காந்துட்டேன். அன்னிக்கு காலையில வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்த அம்மாவோட தாலி செயினை பைக்ல வந்தவங்க அறுத்துட்டு போனது மேற்கு மாம்பலத்துல நம்ம தெருவுக்கே தெரியும், அதை முழுசா திரும்ப சொல்ல எனக்கு தெம்பு இல்ல. நன்றி மட்டும் சொல்லிக்கிறேன்.

முதல்ல பூக்காரம்மாவுக்கு.

அசோக் நகர்ல இருந்து ஆட்டோ புடிச்சு நான் வந்து சேர்றதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிடுச்சு. ரோந்து வண்டி ஏற்கனவே வந்து நிக்குது. வாசல்ல கோலம் பாதியில கெடக்கு, பொடி டப்பா கவுந்திருக்கு, அம்மா படியில உக்காந்து முந்தானையை இழுத்து கழுத்தை சுத்தி போத்திக்கிட்டு அதை ஒரு கையால அழுத்தி புடிச்சிருக்காங்க. பெரிய காயம் போலன்னு பதறிப்போய் கையை எடுக்க பாத்தேன், எடுக்கவே விடல. காயம் இல்ல, செயின் அறுந்த எடத்துல ஒரு செவப்பு கோடு, அவ்ளோதான். வெறுங்கழுத்தை யாரும் பாத்துடக்கூடாதுன்னுதான் மறைச்சிருக்காங்க, அது எனக்கு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

வந்திருந்த ஏட்டய்யா பொறுமையாத்தான் பேசுனாரு, "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு புகார் எழுதி குடுங்கம்மா, சூட்டோட சூடா குடுத்தாதான் எங்களுக்கும் தேட வசதி"ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லிட்டாரு. அம்மா "எதுவும் வேணாம் சார், போனது போகட்டும், இப்படியே நாலு பேர் முன்னாடி என்னால வரமுடியாது"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க. அப்பா வாக்கரை புடிச்சுக்கிட்டு உள்ள இருந்து பேர் சொல்லி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, அதுக்கும் பதில் இல்ல. நான் கெஞ்சுனேன், அதட்டவும் செஞ்சேன், அதுக்கு இப்ப வருத்தப்படுறேன்.

அப்பதான் கோயில் பக்கத்துல கடை போடுற பூக்காரம்மா கூடையோட வந்தாங்க. யார்கிட்டயும் எதுவும் கேக்கல. கூடைக்குள்ள கைய விட்டு பூஜைக்கு விக்கிற மஞ்ச கொம்பு ஒண்ணு எடுத்தாங்க, மஞ்ச கயிறு எடுத்தாங்க, கொம்பு நடுவுல கயித்தை சுத்தி இறுக்கி ஒரு முடிச்சு. வருஷக்கணக்கா பூ கட்டி காய்ச்சுப்போன விரல், நான் கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அம்மா முன்னாடி குனிஞ்சு நீட்டி, "இந்தாம்மா, எடுத்து கட்டிக்க, நான் கட்டக்கூடாது"ன்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் தவறி பல வருஷமாச்சு. எங்கம்மா சாஸ்திரம் சம்பிரதாயம்லாம் ரொம்ப பாக்குறவங்க, வெள்ளிக்கிழமை வீட்டுல நகம் வெட்ட விடமாட்டாங்க. அப்படிப்பட்ட எங்கம்மா, பூக்காரம்மா நீட்டுன கைய அப்படியே புடிச்சுக்கிட்டு "நீயே கட்டிவிடுக்கா"ன்னாங்க. பூக்காரம்மா வேணாம்மா வேணாம்மான்னு பின்னாடி போறாங்க, இவங்க விடல. கடைசில மூணு முடிச்சு போட்டு கட்டிவிட்டாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க. ஏட்டய்யா வண்டி பக்கமா திரும்பி நின்னுக்கிட்டாரு.

அடுத்த நிமிஷம் அம்மா முந்தானைய சரிபண்ணிக்கிட்டு எழுந்து, "வா, போய் எழுதி குடுத்துட்டு வரலாம்"னாங்க.

அந்த மஞ்ச கயிறு இல்லன்னா புகாரே கெடையாது. புகார் இல்லன்னா எஃப்ஐஆர் இல்ல, அப்புறம் யாரும் யாரையும் தேடியிருக்க மாட்டாங்க. இத நான் இந்த பத்து நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சென்னையில குத்தம் கூடிருக்கா கொறஞ்சிருக்கான்னு அடிக்கடி சண்டை வருமில்ல, நானும் அதுல நெறைய பேசியிருக்கேன். 2022 ஜனவரியில தாம்பரத்தையும் ஆவடியையும் தனி கமிஷனரேட்டா பிரிச்சுட்டாங்க, அதனால அதுக்கு முந்தின கணக்கையும் பிந்தின கணக்கையும் நேரா ஒப்பிட முடியாதுன்னெல்லாம் வாதாடியிருக்கேன். அது உண்மைதான். ஆனா அதைவிட பெரிய உண்மை ஒண்ணு இருக்கு, என்சிஆர்பி, அதான் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், வருஷா வருஷம் போடுற கணக்குல பதிவான கேஸ் மட்டும்தான் வரும். போனது போகட்டும்னு வாசப்படியில உக்காந்துட்டவங்க அதுல வரவே மாட்டாங்க. எங்கம்மாவும் வராம போக இருந்தவங்கதான்.

நானும் அப்படி ஒருத்திதான். சில வருஷம் முன்னாடி பஸ்ல இருந்து எறங்குறப்ப கையில இருந்த போனை புடுங்கிட்டு ஓடிட்டான். ஒரு ஸ்டேஷன்ல போய் நின்னேன், "தொலைஞ்சு போச்சுன்னு எழுதி குடும்மா, சிஎஸ்ஆர் போட்டு தரேன்"னாங்க. சிஎஸ்ஆர்னா மனு வந்துச்சுன்னு குடுக்குற ரசீது, எஃப்ஐஆர் இல்ல. புடுங்குனதை தொலைஞ்சதுன்னு எழுதிட்டு வந்தேன். அலைச்சல் மிச்சம்னு அன்னிக்கு நெனச்சேன், இன்னிக்கு நெனச்சா தப்பு பண்ணிட்டேன்னு தோணுது. அதே ஆள் அடுத்த வாரம் யார் கையில இருந்து புடுங்குனானோ. இந்த தடவை அப்படி ஆகல, எங்களை உக்கார வெச்சு, அம்மா சொன்னதை அப்படியே எழுதி, படிச்சு காட்டி, எஃப்ஐஆர் காப்பி கையில குடுத்துதான் அனுப்புனாங்க. காப்பி காசு இல்லாம குடுக்கணும்னு சட்டமே இருக்கு, தயவுசெஞ்சு கேட்டு வாங்குங்க. 2024 ஜூலையில ஐபிசிக்கு பதிலா பாரதிய நியாய சன்ஹிதான்னு புது சட்டம் வந்ததுல இருந்து பறிப்புக்குன்னே 304னு ஒரு தனி பிரிவு இருக்கு, அதனால புடுங்கிட்டு போனதை தொலைஞ்சதுன்னு மட்டும் எழுதி குடுக்காதீங்க.

மத்தவங்களையும் சொல்லணும். இஸ்திரி வண்டி அண்ணன்தான் நூறுக்கு போன் பண்ணது, நாங்க யாரும் இல்ல. எந்த பக்கம் போனான், பைக் என்ன கலர், பின்னாடி உக்காந்தவன் என்ன சட்டைன்னு அந்த பதட்டத்துலயும் பாத்து வெச்சு சொல்லியிருக்காரு. கண்ட்ரோல் ரூம்ல எடுத்த பொண்ணு அவ்ளோ கேள்வி கேட்டுட்டு, "அந்தம்மாவுக்கு தண்ணி குடுங்கண்ணே, தனியா விடாதீங்க"ன்னும் சொல்லிச்சாம். பேரு தெரியல, நீ நல்லா இருக்கணும்மா. மெடிக்கல் ஷாப்காரர், டைலர் கடை, மூலை வீட்டு மாமி, கேக்குறதுக்கு முன்னாடியே கேமரா பதிவை எடுத்து குடுத்தீங்க. ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனரா இருந்தப்ப மூன்றாவது கண்ணுன்னு தெருத்தெருவா கேமரா வெக்க சொன்னாங்க, அப்ப எங்க வீட்டுல "நமக்கெதுக்கு செலவு"ன்னு விட்டுட்டோம். நீங்க விடல, அதுலதான் வண்டி எந்த பக்கம் திரும்புச்சுன்னே தெரிஞ்சிருக்கு. அப்பாவுக்கு அன்னிக்கு முழுக்க சாப்பாடு குடுத்த எதிர்வீட்டு அக்கா, நாலு நாள் விடிகாலையில தெருவுல நடந்த ரெண்டு காவலர்கள், எல்லாருக்கும் எங்க வீட்டு சார்பா கும்பிடு.

செயின் இப்ப கைக்கு வராது, கோர்ட்ல மனு போட்டுதான் வாங்கணும். அம்மாவுக்கு அதுல அவசரமே இல்ல. அன்னிக்கு ஸ்டேஷன்ல இருந்து வந்ததும் அப்பாகிட்ட "நீங்க ஒரு தடவை கட்டிவிடுங்க"ன்னு உக்காந்தாங்க, அப்பா கயித்தை தொட்டு பாத்துட்டு "அவங்க கட்டுனதே இருக்கட்டும்"னுட்டாரு. இன்னும் அதான் இருக்கு, மஞ்ச சாயம் ஜாக்கெட்டெல்லாம் ஒட்டியிருக்கு.

பூக்காரம்மா காசு வாங்கல, பொடவை எடுத்துட்டு போனேன் அதையும் வாங்கல. மறுநாள்ல இருந்து அம்மாதான் தெனமும் அவங்ககிட்ட ரெண்டு மொழம் கூட வாங்குறாங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வாசல்ல கேமரா மாட்ட ஆள் வராரு. ஒண்ணு தெருவை பாத்து, இன்னொண்ணு அவங்க வர்ற சந்தை பாத்து வெக்க சொல்லியிருக்கேன். கோயம்பேட்டுல பூ எடுத்துட்டு, இருட்டு விலகுறதுக்கு முன்னாடி மூட்டையோட அந்த சந்துலதான் தனியா நடந்து வருவாங்க.